வெங்காயத் தோணியும் பாரம்பரிய விழாவும்

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். துறைமுக விதிகள் உங்கள் கைப்பேசியிலேயே இருக்கின்றன. கிரேன் எப்படி ஓடுகிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பயிற்சி வகுப்பில் சொல்லித்தராத பாடம் ஒன்று உண்டு. மேலே இருப்பவர் நடக்க முடியாத ஒன்றை உத்தரவிட்டால் கீழே இருப்பவர் என்ன செய்வது என்பது அது. அதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் இருக்கிறது.

என்னை அறிந்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். தேதி, கிழமை, காற்றின் திசை மூன்றும் சொல்லாமல் நான் எந்தக் கதையையும் தொடங்கியதில்லை. இந்த ஒன்றுக்கு மட்டும் ஆண்டைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அப்படி உத்தரவிட்ட அதிகாரி யார் என்று மதியச் சாப்பாட்டுக்குள் கண்டுபிடித்துவிடுவீர்கள். அவர் இப்போதும் நலமாக இருக்கிறார். பேரப்பிள்ளைகளுக்கு இதே கதையை வேறு மாதிரி சொல்லிக்கொண்டும் இருப்பார். தூத்துக்குடித் தெருக்களில் சுவர் தெரியாத அளவுக்கு பிளெக்ஸ் தட்டிகள் நிறைந்துவிட்ட காலம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். காற்றைச் சொல்லத் தடையில்லை. கச்சான்.

கச்சான் என்றால் மேற்கிலிருந்து வரும் காற்று. நம் கடற்கரை கிழக்கு பார்த்தது. ஆகவே கச்சான் நிலத்திலிருந்து கிளம்பி, உப்பளங்களைத் தாண்டி, ஊரின் தூசியையும் வாரிக்கொண்டு கடலுக்குள் போகும். இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு விழா மேடையில் இருந்தவர்கள் வைத்துக்கொள்ளவில்லை.

நான் அப்போது பழைய துறைமுகத்தில் தோணித் துறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோணி என்பது நம் ஊரில் சின்னப் படகு அல்ல; மரத்தால் கட்டிய சரக்குக் கப்பல். ஒரு காலத்தில் பாய் விரித்துக் கொழும்புக்குப் போய்வந்தவை. என் காலத்தில் எல்லாவற்றிலும் எஞ்சின் வந்துவிட்டது. வெங்காயம், உருளைக்கிழங்கு, செங்கல், ஓடு என்று மாலத்தீவுக்கு ஏற்றிப்போவார்கள். அரசாங்கக் காகிதத்தில் மட்டும் அவை இன்னும் பாய்க்கப்பல்கள்தாம். அதனால் பாய்மரமும் பாயும் இருந்தாக வேண்டும். மரத்தில் துணி காயப்போடுவார்கள். பாயால் சரக்கை மூடிவைப்பார்கள்.

கச்சான் வலுக்கும் மாதங்களில் தோணிகளுக்குக் கடல் மூடப்படும். மூடுகிற நாளுக்குள் வெளியே போன தோணி திரும்பி வந்து கட்டியிருக்க வேண்டும். மூடுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு நடை போய்வர எல்லாத் தோணிக்காரர்களும் பறப்பார்கள். அந்த ஆண்டு அப்படிப் பறந்தவர்களில் ஒருவர் மிக்கேல் தண்டல். தோணியின் தலைவரை நாங்கள் தண்டல் என்போம்.

மிக்கேல் நெட்டையான மனிதர். உரக்கப் பேசுவார், அதைவிட உரக்கச் சிரிப்பார். நான் தாமிரபரணிப் பாசனத்து நெல் ஊரிலிருந்து வந்தவன் என்பதால் என்னை 'வயக்காட்டு அண்ணாச்சி' என்பார். ஒரு நாள் காலை என் அறைக்கு வந்தபோது சிரிப்பு இல்லை.

"அண்ணாச்சி, வெங்காயம் ஏத்தியாச்சு. இந்த வாரத்துக்குள்ள நான் கிளம்பலைன்னா போயிட்டுத் திரும்ப முடியாது. கடல மூடிருவாவ."

"கிளம்பும் வே. யார் தடுத்தா?"

"முதலாளிதான் தோணிய விக்கணும்னு நிக்காரு. மரக்கடைக்காரன் வந்து பலகையைத் தட்டிப் பாத்துட்டுப் போயிருக்கான். இந்த நடை ஒழுங்கா முடிஞ்சா அடுத்த பருவமும் ஓட்டுவோம்ங்காரு. இது போகலைன்னா கோடாலிதான். எங்க ஆளுவ எல்லாம் எங்கன போவானுவ? செக்யூரிட்டி சட்டையப் போட்டுக்கிட்டு ஏ.டி.எம். வாசல்ல நிக்கணும்."

அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிய அதே நாள் மாலைதான் எங்கள் அதிகாரி கூட்டம் கூட்டினார்.

அதிகாரி கெட்டவர் அல்ல. கோப்புகளைத் தாமதிக்க மாட்டார், யாரையும் திட்டியதில்லை. கடலைப் பற்றி மட்டும் அவருக்கு ஒன்றும் தெரியாது. அதற்கு முன்பு அவர் இருந்த இடங்களில் கடல் இல்லை. சென்னையிலிருந்து வரும் சிறப்பு விருந்தினர் ஒருவர் முன்னிலையில் 'நமது கடல் பாரம்பரியம்' என்று ஒரு விழா நடத்த மேலிடத்திலிருந்து வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். விழா அதே வாரத்தின் கடைசி நாளில்.

எனக்கு வரலாற்றில் பித்து உண்டு என்று தெரிந்ததால் அழைப்பிதழுக்கு நான்கு வரி கேட்டார். கொற்கை ஒரு காலத்தில் துறைமுகமாக இருந்ததையும், கடல் பின்வாங்கி இன்று அந்த ஊர் வயலுக்கு நடுவில் இருப்பதையும், முத்துக்குளிப்பைப் பாண்டியர் முதல் போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் வரை அடுத்தடுத்து அனுபவித்ததையும், அறுபதுகளின் தொடக்கத்தோடு அது நின்றுபோனதையும் எழுதிக் கொடுத்தேன். அதிகாரி படித்துப் பார்த்தார்.

"நின்னு போச்சுன்னு ஏன் சார் போடணும்? நெகட்டிவா இருக்கே."

அதை எடுத்தேன். பிறகு பாரம்பரியத்துக்கு எத்தனை ஆண்டு என்று கேள்வி வந்தது. நான் சான்று உள்ள அளவுக்குச் சொன்னேன். முதல் அச்சுப் படியில் அதோடு ஓராயிரம் கூடியிருந்தது. இரண்டாம் படியில் இன்னும் பத்தாயிரம். அழைப்பிதழ் அச்சகத்திலிருந்து வந்தபோது மனிதன் விவசாயம் கற்பதற்கு முன்பே தூத்துக்குடியில் ஏற்றுமதி நடந்திருந்தது. அதைச் சுட்டிக்காட்டினேன். "யார் சார் எண்ணப் போறாங்க?" என்றார் அதிகாரி. நான் எண்ணினேன். என்னைத் தவிர யாரும் எண்ணவில்லை என்பதும் உண்மை.

கூட்டத்துக்கு வருகிறேன். விழா ஏற்பாடுகளைக் குத்தகைக்கு எடுத்தவரும் வந்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கட்சி மாநாடு மூன்றுக்கும் ஒரே பந்தலைப் போடும் திறமைசாலி. அவர்தான் யோசனையைச் சொன்னார். "ஒரு தோணி, சார். பாய் விரிச்சு, எஞ்சின் சத்தமில்லாம, அந்தக் காலம் மாதிரி அப்படியே போகணும். ஒரு வட்டம் அடிச்சு மேடைக்கு முன்னாடி திரும்பி வரணும். டிரோன் மேலேர்ந்து எடுக்கும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். துறையில் புறப்படத் தயாராகச் சரக்குக் கணக்கு முடித்துப் பளிச்சென்று நின்றது ஒரே தோணி. மிக்கேலுடையது.

"அதுல லோடு இருக்கு சார்" என்றேன்.

"என்ன லோடு?"

"வெங்காயம்."

அதிகாரியின் மூக்கு சுருங்கியது. "இறக்கிடுங்க. பாரம்பரியம் வெங்காய வாடை அடிக்கக் கூடாது."

தம்பிகளே, தங்கைகளே, இங்கேதான் நான் சொல்லவந்தது தொடங்குகிறது. அந்த நேரத்தில் எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மிக்கேலின் கஷ்டத்தைச் சொல்லி மன்றாடுவது. மன்றாடினால் அதிகாரி மனம் இளகுவார். 'விழா முடிந்ததும் அவருக்கு ஏதாவது செய்வோம்' என்பார். அந்த 'ஏதாவது' என்பது ஒரு பொன்னாடை. இன்னொரு வழி, அவருக்கு வேண்டியதற்கும் மிக்கேலுக்கு வேண்டியதற்கும் எங்கே உரசல் இல்லை என்று தேடுவது. கூட்டத்தில் தேடுவதற்கு நேரம் கிடைக்காது. ஒரு வாய் டீ குடிக்கும் அவகாசம்தான்.

நான் குடித்தேன். பிறகு சொன்னேன்: "சுமை இல்லாத தோணி தண்ணிக்கு மேல தூக்கிக்கிட்டு நிக்கும் சார். அதுல பாய ஏத்தினா சாயும். விருந்தினர் முன்னாடி கவிழ்ந்தா நல்லா இருக்காது."

இது முழு உண்மை. 'விருந்தினர் முன்னாடி' என்ற சொற்களை மட்டும் நான் சேர்த்துக்கொண்டேன். கடலுக்கு அவை தேவையில்லை, கூட்டத்துக்குத் தேவை. வெங்காயம் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. கூட்டக் குறிப்பில் அது 'மரபுவழி ஏற்றுமதிப் பொருள்கள்' ஆனது.

"இன்னொண்ணு சார். வெளிநாட்டுக்கு லோடு ஏத்தின தோணி, காட்சிக்காகக் கிளம்பினாலும் கஸ்டம்ஸ், இமிகிரேஷன், துறைமுகம் மூணு கிளியரன்ஸும் இல்லாம வாசலத் தாண்டக் கூடாது. விதி இருக்கு."

"வாங்கிடுங்க."

"ஒரு நாள் முழுக்க ஆகும் சார். நீங்க ஒரு போன் பேசினா..."

அவர் அங்கேயே பேசினார். என் பணிக்காலம் முழுவதும் தோணிக்காரர்கள் நாள்கணக்கில் வாசலில் நின்று வாங்கிய முத்திரைகள், 'பாரம்பரியம்' என்ற ஒரே சொல்லுக்கு விழா நாள் காலைச் சிற்றுண்டிக்கு முன்பே விழும் என்று முடிவாயிற்று.

கடைசியாக நான் சொல்ல வேண்டியதையும் சொன்னேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். தந்திரம் வேறு, பொய் வேறு. "சார், இப்ப கச்சான் அடிக்குது. பாயை மட்டும் நம்பினா தோணி வெளிய போகும். திரும்பி வராது. எஞ்சின் போட்டாத்தான் வரும்."

அந்த நேரத்தில் அதிகாரியும் பந்தல்காரரும் விருந்தினருக்கு வலம்புரிச் சங்கு கொடுப்பதா, முத்து மாலை கொடுப்பதா என்று தீவிரமாக விவாதித்துக்கொண்டிருந்தார்கள். உண்மையான முத்துக்கு நிதி இல்லை என்றும், சங்கு வலம்புரிதானா என்று விருந்தினர் சோதித்துப் பார்க்க மாட்டார் என்றும் முடிவு வந்தது. அதிகாரி என் பக்கம் திரும்பி, "கச்சான்... சரி, நோட் பண்ணிக்கோங்க" என்றார். யாரிடம் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே நானே நோட் பண்ணிக்கொண்டேன்.

மறுநாள் மிக்கேலைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் எரிந்து விழுந்தார்.

"நான் என்ன பொருட்காட்சியில ஆடுத கரடியா? வெங்காயம் அழுகிக்கிட்டு கெடக்கு. வட்டம் அடிச்சுக் காட்டணுமாம்லா, வட்டம்!"

"ஏன் வே குதிக்கீரு? காகிதம் எல்லாம் காலையிலயே கைக்கு வந்துரும். பாய் விரிச்சா எங்க போவீரு?"

"கெழக்க."

"மாலத்தீவு எங்க இருக்கு?"

"தென்மேக்க. ஆனா முதல்ல வெளிய எறங்கித்தானே திருப்பணும்..." அவர் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். மறுபடி கடலைப் பார்த்தார். பிறகு தோணித் துறை முழுவதும் கேட்கும்படி சிரித்தார். "வயக்காட்டு அண்ணாச்சி! நீரு நெல்லு வெதச்சிருக்க வேண்டிய ஆளே இல்ல!"

"சும்மா சிரிக்காதீரும். திரும்பி வரச் சொல்லி அதிகாரி உத்தரவு போட்டா நீரு வந்துதான் ஆகணும். எஞ்சின் போட்டு வான்னு சொன்னா போட்டு வந்துரும். நான் பொய் சொல்லச் சொல்லல."

"சொன்னா வந்துருதேன். அவரு சொல்லுவாரா?"

எனக்கும் தெரியவில்லை. அந்த வாரம் முழுவதும் அதையே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அதிகாரி அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் மிக்கேல் திரும்பி வந்து கட்டுவார். கட்டியதும் விருந்தினர் தோணியில் ஏறிப் பார்க்க ஆசைப்படுவார். குடும்பம் ஏறும். படம் எடுப்பார்கள். வாங்கிய முத்திரைகளும் செல்லாமல் போகும். அடுத்த நாள் புறப்பட்டால் மூடுவதற்குள் திரும்ப முடியாது.

அதற்குள் இன்னொரு சோதனை வந்தது. மிக்கேலின் பாய் அழுக்காக இருக்கிறது என்று பந்தல்காரர் புதிய பாய் கொண்டுவந்தார். லாரியிலிருந்து இறக்கி விரித்தபோது தோணித் துறையே கூடிவிட்டது. பளபளவென்று பிளெக்ஸ். நடுவில் சிறப்பு விருந்தினரின் முகம், புன்னகையோடு. கீழே அழைப்பிதழில் இருந்த அதே ஆண்டுக் கணக்கு. முகத்தைச் சுற்றிலும் வரிசையாகப் பிறை வடிவில் வெட்டுகள்.

மிக்கேல் ஒரு வெட்டுக்குள் கையை விட்டு மறுபக்கம் விரலை ஆட்டினார். "இது என்னதுய்யா?"

"காத்து போறதுக்கு" என்றார் பந்தல்காரர் பெருமையாக. "இல்லைன்னா கிழிஞ்சிரும்லா. நாங்க எந்தத் தட்டி கட்டினாலும் ஓட்டை போடாம கட்ட மாட்டோம்."

 தோணியின் சமையல்காரர் சொன்னார்: "ஏலே, கொடத்துக்குக் கீழ ஓட்டை போட்டுத் தண்ணி கோர வந்திருக்காருலே."

பந்தல்காரர் கோபப்பட்டார். அவரைக் குறைசொல்ல முடியாது. வாழ்நாள் முழுவதும் காற்றுக்கு வழிவிட்டே தொழில் செய்தவர். காற்றைப் பிடித்து வைக்க வேண்டிய துணி ஒன்று உலகில் உண்டு என்பது அவர் தொழிலில் வரவில்லை. அவரிடம் நான் இந்தப் பாயை மாற்றச் சொல்லியும் பார்த்தேன். முகம் போட்டாகிவிட்டது, இனி முகத்தை மாற்ற முடியாது, விருந்தினரின் உதவியாளருக்குப் படமும் அனுப்பியாயிற்று என்றார்.

மிக்கேலும் ஆட்களும் தங்கள் பழைய பாயைச் சரக்கின் மேலிருந்து எடுத்துத் தட்டினார்கள். வெங்காயத்துக்குத் தார்ப்பாய் போட்டார்கள். பழைய பாயை விரித்து, அதன் மேல் பிளெக்ஸை வைத்து, சாக்குத் தைக்கும் ஊசியால் ஓரம் சுற்றிச் சேர்த்துத் தைத்தார்கள். முன்னால் இருப்பது விருந்தினருக்கு, பின்னால் இருப்பது காற்றுக்கு. நான் பணியில் இருந்தவரை பல திட்டங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அமைப்பில் ஓடாத ஒன்று எனக்கு நினைவில்லை.

விழா நாள் வந்தது. மேடையைத் துறைக்குச் சற்றுத் தள்ளி, திறந்த கடலைப் பார்க்கும்படி போட்டிருந்தார்கள். காலையிலேயே மிக்கேல் தோணியை எஞ்சினில் ஓட்டி வந்து மேடைக்கு எதிரே நங்கூரம் போட்டு நின்றார். சொன்னபடி மூன்று முத்திரைகளும் விழுந்துவிட்டன. கஸ்டம்ஸ்காரர் காகிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, "மெய்யாவே போறாரா, சும்மா போறாரா?" என்று கேட்டார். "காகிதத்துல என்ன இருக்கு?" என்றேன். "மாலத்தீவு." "அப்ப அங்கதான்."

முத்துக்குளிப்பு செய்து காட்ட ஒரு நீச்சல் பயிற்சியாளரை அழைத்திருந்தார்கள். அவர் நீச்சல் கண்ணாடி அணிந்து, கும்பிட்டு, குதித்து, ஏற்கெனவே கூடைக்குள் இறக்கி வைத்திருந்த சிப்பியோடு எழுந்தார். சிப்பிக்குள் முத்து ஒட்டவைக்கப்பட்டிருந்தது. விருந்தினர் இழுத்தார். வரவில்லை. நல்ல பசை. அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விட்டார்கள்.

விருந்தினர் கொடியசைத்தார். நங்கூரம் ஏறியது, பாய் விரிந்தது. கச்சான் அன்றைக்கென்று சோம்பல் இல்லாமல் வீசியது. பழைய பாய் காற்றை வாங்கிக்கொள்ள, அதன் மேலிருந்த முகத்தின் கன்னங்கள் இரண்டும் உப்பின. ஆள் கொஞ்சம் பூசினாற்போல் தெரிந்தார். விருந்தினருக்கு அது பிடித்திருந்தது. எழுந்து நின்று கைதட்டினார். தோணி சத்தமில்லாமல் நகர்ந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், அது அழகாகத்தான் இருந்தது. பந்தல்காரர் கூடப் பேச்சை நிறுத்திப் பார்த்தார்.

பிறகு விருந்தினர் பேச எழுந்தார். வயர்லெஸ் பெட்டி என் கையில் இருந்தது. அதிகாரி என் பக்கத்தில்.

பேச்சு ஆரம்பித்தபோது முகம் ஒரு வீட்டுக் கதவு அளவு இருந்தது. கடலோடிகளின் வீரத்தை அவர் முடித்தபோது சன்னல் அளவு. தன் இளமைக் காலத்துக்கு வந்தபோது தபால் அட்டை அளவு.

"எப்ப சார் திரும்பும்?" அதிகாரி குனிந்து கேட்டார்.

"பாயில திரும்பாது சார். அன்னைக்கே சொன்னேன். கச்சான்."

அவர் முகம் மாறியது. கூட்டத்தில் காதில் விழுந்த அந்தச் சொல் இப்போதுதான் உள்ளே போய்ச் சேர்ந்தது. பெட்டியைப் பிடுங்கினார். "தண்டல்! திரும்பி வாங்க. ஓவர்."

கரகரப்புக்கு நடுவில் மிக்கேலின் குரல் மிக மரியாதையாக வந்தது. "சார், காத்து எதுப்பா இருக்கு சார். பாயில முடியாது. எஞ்சின் போட்டு வரட்டுமா சார்?"

 எல்லாம் இந்த ஒரு பதிலில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. இந்த இடத்தில் பேசியிருந்தால், எது பேசியிருந்தாலும், அது பொய்யில் முடிந்திருக்கும். பேசாமல் நிற்பதற்கும் பயிற்சி வேண்டும். உங்கள் வகுப்பில் அதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

அதிகாரி கடலைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். விருந்தினர் அப்போது கண்களை மூடி, கையைக் கடல் பக்கம் நீட்டி, உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "கேளுங்கள்! எந்திர ஓசை கேட்கிறதா? இல்லை! இதுதான் நம் முன்னோர் போன வழி!" கேமராக்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன.

தோணி எஞ்சினின் சத்தம் நீங்கள் கேட்டிருப்பீர்கள். தகரக் கொட்டகையில் கல்மாரி பெய்வதுபோல் இருக்கும்.

"வேண்டாம், வேண்டாம்" என்று அதிகாரி பெட்டிக்குள் கிசுகிசுத்தார். "எஞ்சின் போடாதீங்க. பேச்சு முடியட்டும்."

"உத்தரவு சார்" என்றார் மிக்கேல்.

பேச்சு முடியவில்லை. பாரம்பரியத்திலிருந்து அவர் தன் தொகுதிக்கும், தொகுதியிலிருந்து தன் எதிரிகளுக்கும் போனார். பின்வரிசைகள் பிரியாணிப் பந்தலுக்கு நகர்ந்தன. முகம் தபால்தலை அளவாகி, புள்ளியாகி, ஒரு வெளிச்சக் கீற்றாகி இல்லாமல் போனது. முடித்துவிட்டு விருந்தினர் கடலைப் பார்த்தார். கடல் காலியாக இருந்தது.

"எங்கே நம்ம தோணி?"

அதிகாரி என்னைப் பார்த்தார். மூன்று முத்திரையும் விழுந்த காகிதத்தின் நகல் என் பையில் இருந்தது. எடுத்து அவர் கையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். புத்திசாலி. ஒரு மூச்சில் நிமிர்ந்துவிட்டார்.

"மாலத்தீவுக்குப் போயிருக்கு, சார். தங்கள் கரங்களால் கொடியசைத்து, தங்கள் திருவுருவத்தோடு."

விருந்தினர் மறுபடி கடலைப் பார்த்தார். பிறகு, "வெளிநாட்டுக்கா?" என்று கேட்டு, சால்வையைச் சரிசெய்துகொண்டார். அவ்வளவுதான், கண்டம் கடந்தது. மறுநாள் செய்தித்தாள்களில், பல தலைமுறைகளுக்குப் பிறகு பாயை மட்டுமே நம்பி அயல்நாடு சென்று திரும்பவிருக்கும் தோணி என்று வந்தது. 'திரும்பவிருக்கும்' என்ற சொல்லை அறிக்கையில் எழுதியவர் அதிகாரியேதான்.

அடுத்து வந்த நாட்களில் நான் சரியாகத் தூங்கவில்லை. கச்சான் ஏறிக்கொண்டே இருந்தது. மற்ற தோணிகள் ஒவ்வொன்றாக வந்து கட்டின. கடல் மூடும் நாளுக்கு முந்தைய மாலையில் மிக்கேல் வந்தார். நேர் எதிர்க்காற்றில், எஞ்சின் இருமிக்கொண்டே, தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு. பாய்மரத்தில் வழக்கம்போல் துணி காய்ந்தது.

துறையில் முதலாளி நின்றிருந்தார். அவர் பேசாத மனிதர். தோணியைச் சுற்றிப் பார்த்தார், ஒரு பலகையைக் காலால் தட்டினார். "வெங்காயம்?" என்றார்.

"முழுசா எறக்கியாச்சு மொதலாளி. அழுகல் கொஞ்சந்தான்."

"கரையேத்தி, பலகை இடுக்குல பஞ்சு அடிச்சு எண்ணெய் பூசு. கடல் தொறந்ததும் லோடு பாத்து வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். மிக்கேல் என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. கைலி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்; உப்புத் தண்ணீர்தான், வேறென்ன.

"எங்கன வே அந்த முகம்?"

"பத்திரமா இருக்கு அண்ணாச்சி. எஞ்சின் கிட்ட மழை ஒழுகுச்சுலா, மடிச்சு மேல கட்டிட்டேன். நல்ல சரக்கு. அந்த ஓட்டையத் தைச்சதும் ஒரு சொட்டு எறங்கல."

அப்போதுதான் அதிகாரியின் கார் வந்தது. பின்னால் புகைப்படக்காரர், ஒரு தட்டில் பொன்னாடை. வரலாற்றுப் பயணத்தை வரவேற்க வந்திருந்தார். மிக்கேலுக்குச் சால்வை போர்த்தி, தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். எல்லாம் முடிந்து மற்றவர்கள் காருக்கு நடந்ததும், அவர் மட்டும் ஒரு நிமிடம் நின்றார். காற்றில் அவர் தலைமுடி கடல் பக்கமாகவே பறந்தது. அன்றைக்கு முதல்முறையாக அதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன்.

"தண்டல்," என்றார் குரலைத் தாழ்த்தி, "இந்தக் காத்துல எப்படித் திரும்பி வந்தீங்க?"

"எஞ்சின் போட்டுத்தான் சார்."

அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தார். "அதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

மிக்கேல் சால்வையை எடுத்து மடித்தார்.

"எங்ககிட்ட யாரு சார் கேக்கப் போறா?"